மருந்து பட்ட எலுமிச்சை

கல்யாணப் பந்தியில் ஊறுகாய் பரிமாறுகிறவர் என் இலையருகில் குனிந்ததும் நான் கையைக் குறுக்கே நீட்டிவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் ரத்தக் கொதிப்பா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். கொதிப்பு இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் அது வருவதற்கு வெகுகாலம் முன்பே நான் எலுமிச்சை ஊறுகாயை நிறுத்திவிட்டேன்.

காரணத்தை எழுதச் சொல்லி என்னை நச்சரித்தவள் மும்பை பாண்டுப்பில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண். நான் வேலை பார்த்த இலாகாவில் இப்போது உணவு இன்ஸ்பெக்டராக இருக்கிறாள். செம்பூரில் என் வீட்டுக்கு வந்து, அழுகிய ஆரஞ்சுப் பழங்களைப் பறிமுதல் செய்த கதையை உற்சாகமாகச் சொன்னாள். மெஷினில் கொட்டி அரைத்தார்களாம். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் படம் எடுத்தார்களாம். எல்லாப் படத்திலும் இவள் மகாராணி மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். "உங்க டைம்ல எப்படி அங்கிள் டிஸ்ட்ராய் பண்ணுவீங்க?" என்றாள். சொன்னேன். முடித்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் வாக்கியங்களைச் சின்னதாகவே வைத்திருக்கிறேன்.

எனக்குத் திருநெல்வேலி நாசரேத் பக்கம். சானிடரி இன்ஸ்பெக்டர் படிப்பு முடித்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு பம்பாய்க்கு ரயிலேறினேன். மாதுங்காவில் முனிசிபல் சுகாதார ஆபீஸ், தாராவியில் ஜாகை. முதல் சில வருடங்கள் பாலில் தண்ணீரையும் டீத்தூளில் மரத்தூளையும் தேடுவதில் கழிந்தன. இந்தி என்னும் மொழியை நான் பால்காரர்களின் வசவிலிருந்துதான் கற்றேன். அதில் பாதியை வீட்டில் பேச முடியாது.

சோதனைக்கு மாதிரி எடுப்பது ஒரு சடங்கு. காசு கொடுத்து வாங்க வேண்டும். கடைக்காரன் கண் முன்னால் மூன்று சமபாகமாகப் பிரித்து, உலர்ந்த சுத்தமான பாட்டில்களில் போட்டு, மூடி, காகிதம் சுற்றி, நூல் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி முத்திரை குத்த வேண்டும். ஒன்று கடைக்காரனுக்கு, ஒன்று ரசாயனப் பரிசோதகருக்கு, ஒன்று எங்களுக்கு. இத்தனையும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில். சாட்சி என்று சொன்னதும் தெருவே காலியாகிவிடும். காற்றில் மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து, அரக்கு கட்டைவிரலில்தான் அதிகம் சொட்டும்.

பழத்துக்கு இந்தச் சடங்கு பெரும்பாலும் தேவைப்படவில்லை. அழுகியதை அழுகியது என்று சொல்லக் கண்ணும் மூக்கும் போதும். அந்த மூக்கு எங்கள் அதிகாரி டாக்டர் பேட்கரிடம் இருந்தது.

பேட்கர் ஒல்லியான மராட்டியர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. குவியலின் மேலே இருக்கும் பழத்தைத் தொடமாட்டார், கையை அடியில் விட்டு ஒன்றை எடுப்பார். பேனாக்கத்தியால் அதைப் பிளந்து, இரண்டு பாதியையும் சேர்த்து மூக்கருகே வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். வியாபாரி, கூலிகள், நான், எல்லோரும் அவர் இமையையே பார்த்துக்கொண்டு நிற்போம். "கேல" என்பார் மராட்டியில். போச்சு என்று அர்த்தம். அதன் பிறகு எந்தச் சேட் வந்து கெஞ்சினாலும் அவருக்குக் காது கேட்காது. கத்தியைக் கைக்குட்டையால் துடைத்து மடக்கிவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விடுவார். எனக்கு அவரிடம் பயமும் உண்டு, அதைவிட அதிகமாகப் பிரியமும் உண்டு. லஞ்சம் வாங்காத மனிதனோடு வேலை பார்ப்பது எவ்வளவு நிம்மதி என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். தொடக்கத்திலேயே தாராவியில் வாந்திபேதி வந்துவிட்டது. இலாகா எங்களைப் பினாயில் டின்களோடு சந்து சந்தாக அனுப்பியது. தமிழ்ச் சந்துகளுக்கு நான். ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சர்க்கார் ஆள் எதையாவது ஊற்ற வந்தால் யார்தான் திறப்பார்கள்? நான் ஒவ்வொரு சந்து முனையிலும் நின்று தொண்டை வறளக் கத்தினேன். "இது மருந்து. இது பட்ட இடத்துல கிருமி நிக்காது. இந்த வாசம் அடிக்குதுன்னா அந்த இடம் சுத்தம்னு அர்த்தம்." மேலிடம் சொல்லச் சொன்னதும் அதுதான், நான் நம்பியதும் அதுதான்.

முதலில் கதவைத் திறந்தவள் தங்கப்பூ. எங்கள் கிறிஸ்தவ சபைப் பெண். அவள் புருஷன் யேசுவடியான் தோல் பதனிடும் பட்டறையில் தோல் சுரண்டுகிறவர். என்ன சோப்புப் போட்டாலும் அவர் உடம்பிலிருந்தும் அந்த வீட்டிலிருந்தும் தோல் நாற்றம் போகாது. நான் வீட்டுக்குள் தெளித்ததும் தங்கப்பூ மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, தோல் நாத்தமே போயிட்டே! இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

அவள் திறந்ததைப் பார்த்து மற்றக் கதவுகளும் திறந்தன. அந்தச் சந்தில் அந்த வருடம் வாந்திபேதியில் ஒருவரும் சாகவில்லை. பினாயிலால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சந்து அப்படித்தான் நம்பியது. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஜூலையில் தெற்கேயிருந்து எலுமிச்சை ஏற்றி வந்த கூட்ஸ் வண்டி, தண்டவாளத்தில் வெள்ளம் என்று கல்யாண் ஸ்டேஷனிலேயே பல நாள் நின்றுவிட்டது. மார்க்கெட்டுக்கு வந்து சாக்கைப் பிரித்தால் பச்சைப் பூசணம் புகைபோலக் கிளம்பியது. பேட்கர் ஒரு பழத்தைப் பிளந்தார், கண்ணை மூடினார். போச்சு. அத்தனையையும் லாரியில் ஏற்றி, தாராவி ஓரத்துச் சதுப்பில் குப்பை கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்த இடத்துக்குக் கொண்டுபோனோம். முழுப் பழமாகக் கொட்டினால் எவனாவது பொறுக்கிக் கழுவி மறுபடி விற்றுவிடுவான். ஆகவே கூலிகள் அரிவாளால் கீறிப்போட வேண்டும், நாங்கள் நின்று பார்க்க வேண்டும் என்பது முறை. கீறிய பழத்தை எந்தக் கடையிலும் வைக்க முடியாது அல்லவா?

மழை ஓய்ந்திருந்த ஒரு நாள் தங்கப்பூ வீட்டுத் தகரக் கூரையைப் பார்த்தேன். கீறிய எலுமிச்சை உப்புப் பூத்துக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கூரைகளிலும் அதுவேதான்.

"என்னம்மா இது?"

"பூசணத்தத் தொடச்சு, கெட்டத அரிஞ்சு எறிஞ்சிட்டுத்தான் போட்டிருக்கோம் அண்ணாச்சி. நாலாக் கீறி உப்பு அடைக்க ஒரு நாள் ஆகும். ஒங்க ஆளுக கீறியே தந்துட்டாவ, பாதி வேல மிச்சம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அவியளுக்கு இது இல்லன்னா கஞ்சி தொண்டைல எறங்காது. நாள் முழுக்கத் தோலு நாத்தத்துல கெடந்துட்டு வாரவருக்கு வேற என்னத்தக் குடுப்பேன்?"

கூரையில் காய்ந்ததைப் பிடுங்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆபீசில் சொன்னேன். பழத்தைக் கீறுவது வியாபாரியைத் தடுக்கும், ஊறுகாய் போடுகிறவர்களுக்கு அது ஒத்தாசை என்று பேட்கரிடம் விளக்கினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"மிஸ்டர் ஜேக்கப், இனிமேல் பினாயில் ஊற்றுங்கள். ஆஸ்பத்திரி நாற்றம் அடிக்கும் பண்டத்தை எந்த மனிதனும் வாயில் வைக்க மாட்டான்."

எனக்கும் சரியென்றுதான் பட்டது. யாருக்குத்தான் படாது?

செப்டம்பரில் இன்னொரு வண்டி அதே கதியில் வந்தது. இந்தத் தடவை கீறிய பிறகு பினாயில். தண்ணீரில் கலந்து, பால்போல வெளுத்ததும் குவியல் முழுக்கத் தெளிக்க வேண்டும் என்பது உத்தரவு. குப்பைமேட்டுக்கு யார் குடம் குடமாய்த் தண்ணீர் தூக்குவது? கூலிகள் மேலாகக் கொஞ்சம் கலந்து தெளித்துவிட்டு, மிச்ச டின்களை அப்படியே கவிழ்த்தார்கள். கெட்டியாக, கறுப்பாக இறங்கியது. தாராளமாகவே ஊற்றுகிறார்கள், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினேன். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பினோம்.

அக்டோபர் வெயில் நன்றாகக் காய்ந்தது. மாதக் கடைசியில் எங்கள் சபையில் அசனம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அறுப்பின் பண்டிகையில் ஆளுக்கொரு காணிக்கை படைத்து, சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. ஊரில் நெல்லும் வாழைத்தாரும் கொண்டுவருவார்கள். தாராவியில் எவனுக்கு வயல் இருக்கிறது? தையல்காரர் சட்டை கொண்டுவருவார், பானைக்காரர் பானை கொண்டுவருவார். தங்கப்பூ வருடா வருடம் ஒரு ஜாடி ஊறுகாய் கொண்டுவருவாள். பந்தியில் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை எல்லோர் இலையிலும் அதை வைப்பார்கள்.

அசனத்துக்கு முந்திய நாள் யேசுவடியானை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அசனத்துக்குப் போகுமுன் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். அவர் தனியாகக் கிடந்தார். அசனத்தை முடித்துவிட்டு வா என்று மனைவியை அவரே அனுப்பியிருந்தார். உதட்டின் உட்புறம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. சிறுநீர் கறுத்துப்போகிறது என்றார் வார்டு டாக்டர். மதுவிலக்குக் காலம். தாராவி ஆள் என்றதும் கள்ளச்சாராயம் என்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

"இவர் குடிக்கிறவர் இல்லை, டாக்டர்."

"எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நீங்களே குனிந்து பாருங்கள்."

குனிந்தேன். அவர் மூச்சில் சாராய வாடை இல்லை. ஆபீஸ் டின்னைத் திறந்தால் வரும் அதே வாடை.

"அத்தான், என்னத்தச் சாப்ட்டிய?"

"கஞ்சிதான்." குரல் உரசிக்கொண்டு வந்தது. "புது ஊறுகா... மருந்து வாசம் அடிக்குன்னேன். மருந்துதான, நல்லதுன்னு அவ சொல்லிட்டா. எனக்கு மட்டும் தெனமும் கொஞ்சம். மிச்சம் அசனத்துக்கு."

வார்டு டாக்டரிடம் பினாயில் என்று கத்திவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் சபைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அன்று அந்த வழி முடியவேயில்லை. இலை போட்டிருப்பார்களா, சோறு போட்டிருப்பார்களா, பிள்ளைகளுக்கு முதல் பந்தியா என்று வழியெல்லாம் அதே நினைப்பு.

இலை போட்டிருந்தது. பாய்களில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சோற்றிலும் குழம்பிலும் ஆவி பறந்தது. உபதேசியார் கண்ணை மூடி, காணிக்கைகளுக்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். அவர் ஜெபம் நீளம் என்று நான் பல வருடம் சலித்துக்கொண்டவன். ஒவ்வொரு பண்டத்தையும் பெயர் சொல்லி ஆசீர்வதிப்பார். சட்டை முடிந்து, பானை முடிந்து, ஊறுகாய்க்கு வந்திருந்தார். தங்கப்பூ வெள்ளைச் சேலையில், கையில் கரண்டியோடு, ஜாடிக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள்.

ஆமென் சொல்வதற்குள் போய் ஜாடியைத் தூக்கினேன். எல்லாக் கண்ணும் திறந்துகொண்டது.

"என்ன தம்பி, ஜெபத்துக்கு நடுவுல?" என்றார் உபதேசியார்.

"இத ஒருத்தரும் தொடக்கூடாது. இதுல பினாயில் இருக்கு."

தங்கப்பூ ஜாடியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "இது காணிக்க, அண்ணாச்சி. காணிக்கையவா பிடுங்குதிய?"

பிள்ளைகளுக்குச் சோறு போடச் சொல்லிவிட்டு, பக்கத்து இரானி டீக்கடைக்குப் போய் பேட்கரின் வீட்டுக்குப் போன் செய்தேன். அதைச் செய்திருக்க வேண்டுமா என்று பின்னால் என் மனைவி கேட்டாள். கெட்ட உணவைப் பிடித்தால் மேலதிகாரிக்குச் சொல்வதுதான் என் வேலை. ஆனால் போனை வைத்த பிறகுதான் உறைத்தது. சட்டத்தை அப்போதுதான் கடுமையாக்கியிருந்தார்கள். கலப்பட உணவை விற்றாலும் குற்றம், பலருக்கு விநியோகிக்க வைத்திருந்தாலும் குற்றம். ருசுவானால் குறைந்தது ஆறு மாதம் ஜெயில். என் பையில் மூன்று பாட்டிலும் அரக்கும் இருந்தன. பேட்கர் தலையை அசைத்தால் போதும், நான் மாதிரி எடுக்க வேண்டும். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது தங்கப்பூ ஆர்தர் ரோடு ஜெயிலுக்குப் போக வேண்டும்.

பேட்கர் டாக்சியில் வந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் அதே வெள்ளை உடுப்பு. சபையார் எல்லோரும் எழுந்து சுவரோரமாக நின்றார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். ஜாடியின் அடிவரை கத்தியை விட்டு ஒரு துண்டை எடுத்து, மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார்.

நான் பாட்டில்களை எடுத்து வைத்தேன். கேல என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் அதைச் சொல்லவில்லை. கண்ணைத் திறக்காமலே, "ஜேக்கப், இது அழுகல் நாற்றம் இல்லை. இது நம்முடைய நாற்றம்" என்றார்.

பிறகு தங்கப்பூவைப் பார்த்தார். "வாசனை தெரியவில்லையா என்று அவளிடம் கேளுங்கள். மூக்கு இல்லையா அவளுக்கு?"

கேட்டேன்.

"தெரியாம என்ன?" என்றாள் தங்கப்பூ. பயம் இருந்தாலும் குரலில் ஒரு ரோஷம். "வாசம் அடிச்சதாப் பாத்துத்தான பொறுக்குனேன். மேல கெடந்ததுல சிலதுல மருந்தே படல. அதுல கிருமி இருக்கும்னு விட்டுட்டேன். அடியில, நல்லா மருந்துல ஊறுனதா எடுத்தேன். பிள்ளைக சாப்பிடுறதுல்லா? நீங்கதான அண்ணாச்சி சொன்னிய, இந்த வாசம் அடிச்சா சுத்தம்னு?"

அதை நான் பேட்கருக்கு மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். விட்டுவிடலாமா என்று தோன்றியது, விடவில்லை. கேட்டுக்கொண்டிருக்கையில் அவர் கத்தியைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இதற்குள் தங்கப்பூ என் முகத்தையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. குரல் இறங்கிப்போயிற்று.

"அப்ப அவியளுக்கு... நாந்தான் குடுத்தனா, அண்ணாச்சி?"

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் பேட்கர்.

"ஒன்றுமில்லை, சார்" என்றேன்.

பாட்டில்களைப் பைக்குள் வைக்கச் சொன்னார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கேஸ் போட்டால் குற்றவாளிக் கூண்டில் அவளும் நானும் சேர்ந்து நிற்க வேண்டும். சட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது." இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சிலர் எவ்வளவு பெரிய மனிதர் என்கிறார்கள். பரிசோதகர் பினாயில் என்று எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்று கோர்ட்டில் கேட்பார்கள், அதற்குப் பயந்துவிட்டார் என்கிறார்கள் சிலர். இரக்கமா பயமா என்று எனக்கு இன்றும் தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம். தங்கப்பூ ஜெயிலுக்குப் போகவில்லை, அது போதும் என்று அப்போது நினைத்தேன்.

ஜாடியைக் குழி தோண்டிப் புதைத்தோம். யேசுவடியானின் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. அந்த வாரமே இறந்துபோனார். அடக்கத்தில் தங்கப்பூ அழவேயில்லை. அழாதவளைப் பார்த்து ஊர் என்னவெல்லாம் பேசும் என்று எனக்குத் தெரியும். அவள் ஏன் அழவில்லை என்றும் எனக்குத் தெரியும். கேஸ் இல்லாததால் அந்தச் சாவுக்கு எங்கேயும் ஒரு காரணம் பதியப்படவில்லை. வார்டு டாக்டரிடம் நான் கத்தியதும் காகிதத்தில் ஏறவில்லை. வயிற்றுக் கோளாறு என்றார்கள், அவ்வளவுதான். இலாகாவில் பழத்தின் மேல் பினாயில் ஊற்றுவதைச் சத்தமில்லாமல் நிறுத்தினார்கள். பறிமுதல் பழங்களை ஆழக் குழி வெட்டிப் புதைக்கும் முறை வந்தது. ஏன் மாற்றினார்கள் என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், பேட்கர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வார்.

அடுத்த மழைக்காலத்திலும் வாந்திபேதி பயம் வந்தது. மறுபடியும் பினாயில் டின்னோடு அதே சந்துக்கு நான்தான் போக வேண்டியிருந்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கெஞ்சியும் நடக்கவில்லை. இந்தத் தடவை கதவுகள் உண்மையாகவே சாத்தியிருந்தன. நான் கத்தவில்லை. என்னவென்று சொல்லிக் கத்துவது?

தங்கப்பூ கதவு மட்டும் திறந்தது.

"ஊத்துங்க அண்ணாச்சி. சீக்கு வரக்கூடாதுல்லா" என்றாள்.

நான் உள்ளே காலெடுத்து வைப்பதற்கு முன் அவள் அடுப்பிலிருந்த கஞ்சிப் பானையை இறக்கி, முந்தானையால் அதன் வாயை மூடி, இடுப்பில் வைத்துக்கொண்டு மழைத் தூறலில் தெருவுக்கு இறங்கினாள். நான் ஊற்றிவிட்டு வெளியே வந்தேன். "முடிஞ்சுதும்மா, உள்ள போ" என்றேன். வாசம் போகட்டும் என்றாள்.

பினாயில் வாசம் லேசில் போகாது. அடுத்த இரண்டு சந்துகளையும் முடித்துக்கொண்டு நான் அதே வழியாகத் திரும்பி வந்தபோதும், அவள் பானையை இறக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.